ஒரே சளிக்கு ஏன் இரண்டு பதில்?

வாசகர் கேள்வி – பதில்

இம்மாதம் வந்த கடிதங்களுள் பாதிக்கு மேற்பட்டவை காசநோய்ப் பரிசோதனைகளைப் பற்றியவையாக இருந்தமையால், ஏனைய கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். நீண்ட காலம் ஆய்வுகூடத்தில் வேலை செய்தவன் என்ற முறையில், கையிலுள்ள அறிக்கையை எப்படி வாசிப்பது என்பதை மட்டுமே என்னால் சொல்ல முடியும். மருந்தைத் தொடங்குவதும் மாற்றுவதும் மார்பு நோய் கிளினிக் வைத்தியரின் பொறுப்பு.

*

கேள்வி: என் தகப்பனாருக்கு இரண்டு மாதமாக இருமல். சளியை இரண்டு தடவை நுணுக்குக்காட்டியில் பார்த்துக் கிருமி இல்லை என்றார்கள். அதே வாரத்தில் எடுத்த சளியை ஜீன் எக்ஸ்பேர்ட் இயந்திரத்தில் போட்டுவிட்டுக் கிருமி உண்டு என்கிறார்கள். ஒன்று பிழையாகத்தானே இருக்க வேண்டும்? எதை நம்புவது? – ஆசிரியை, கல்லடி

பதில்: இரண்டும் சரியாக இருக்கலாம், ரீச்சர். நுணுக்குக்காட்டி அறிக்கை "காணவில்லை" என்று சொன்னதை நாம் "இல்லை" என்று வாசித்துவிடுவதில்தான் குழப்பம் தொடங்குகிறது. கண் பெருத்த வலையை வாவியில் வீசியவருக்கு இறால் அகப்படாமற் போனால், அந்த வலையில் அகப்படவில்லை என்பதற்கு மேல் அவரால் எதுவும் சொல்ல முடியாது.

நுணுக்குக்காட்டிப் பரிசோதனையில் சளியைக் கண்ணாடித் தகட்டில் பூசி, சிவப்புச் சாயமேற்றிச் சூடாக்கி, அமிலத்தால் கழுவி, நீலப் பின்னணியில் சிவப்புக் கோல்கள் தெரிகின்றனவா என்று தேடுகிறோம். குறைந்தது நூறு புலங்களையாவது (ஒரு தடவையில் கண்ணுக்குத் தெரியும் வட்டப் பரப்பே ஒரு புலம்) பார்த்த பின்னரே காணவில்லை என்று எழுத வேண்டும். அவ்வளவு பொறுமையாகப் பார்த்தாலும், ஒரு மில்லிலீற்றர் சளியில் ஏறத்தாழ 5,000 முதல் 10,000 வரையான கிருமிகள் இருந்தால்தான் அவை கண்ணுக்கு அகப்படும். ஜீன் எக்ஸ்பேர்ட்டின் பழைய பெட்டகத்துக்கு (சளியை விட்டு இயந்திரத்துள் வைக்கும் சிறு பெட்டி) அதே மில்லிலீற்றரில் 100 அல்லது 130 கிருமிகள் போதும். அல்ட்றா எனப்படும் புதிய பெட்டகத்துக்கு 16 அளவில் இருந்தாலே போதும். ஆகவே உங்கள் தகப்பனாரின் சளியில் ஓராயிரம் கிருமிகள் இருந்திருப்பின், முதலாவது பரிசோதனை காணாமல் விட்டதும் இரண்டாவது கண்டுபிடித்ததும் இயல்பானவையே.

இந்த இயந்திரத்தைப் பலர் எக்ஸ்றே மெஷின் போன்ற ஒன்றாக எண்ணிக்கொண்டிருப்பதால், உள்ளே நடப்பதைச் சற்று விரித்தே சொல்கிறேன். ஒரு பங்கு சளியுடன் இரண்டு பங்கு திரவத்தைச் சேர்த்து, மூடியை இறுக்கி, நன்றாகக் குலுக்கிக் கால் மணி நேரம் வைத்தால், நூல் நூலாக இழுபட்டுக்கொண்டிருந்த சளி தண்ணீர்ப் பதத்துக்கு வந்துவிடும். அதில் இரண்டு மில்லிலீற்றரை உறிஞ்சி, உள்ளங்கைக்குள் அடங்கும் பிளாஸ்ரிக் பெட்டகத்துக்குள் விட்டு, பெட்டகத்தை இயந்திரத்தின் அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினால் தொழினுட்பவியலாளரின் வேலை முடிந்தது. அதன்பின் பெட்டகத்தினுள்ளேயே கிருமிகள் வடிகட்டப்பட்டுக் கழுவப்படுகின்றன. ஒலியலை அதிர்வினால் உடைக்கப்பட்டு அவற்றின் டி.என்.ஏ. வெளியே எடுக்கப்படுகிறது, அந்த டி.என்.ஏ.யின் குறித்த ஒரு துண்டு இரண்டாக, நான்காக, எட்டாகப் பெருக்கப்படுகிறது. கொவிட் காலத்தில் ஊரே பேசிய பி.சி.ஆர்.தான் இதுவும், மூக்கிலிருந்து எடுத்த மாதிரிக்குப் பதிலாகச் சளி என்பதே வேறுபாடு. பழைய பெட்டகம் இரண்டு மணி நேரத்துக்குள்ளும், அல்ட்றா 80 நிமிடத்துக்குள்ளும் பதிலைத் தந்துவிடும்.

இவ்விரண்டுக்கும் நடுவராக இருப்பது வளர்ப்புப் பரிசோதனை. ஒரு மில்லிலீற்றரில் 10 முதல் 100 வரையான உயிருள்ள கிருமிகள் இருந்தாலே அது வளர்த்துக் காட்டிவிடும். ஆனால் காசநோய்க் கிருமி இரண்டாகப் பிரிவதற்கு ஏறத்தாழ 20 மணி நேரம் எடுத்துக்கொள்ளும் சோம்பேறி. முட்டை கலந்த திண்ம ஊடகத்தில் எட்டு வாரம் வரையும், திரவ ஊடகத்தில் ஆறு வாரம் வரையும் காத்திருக்க நேரலாம். முன்பு ஒருபோதும் காசநோய் வராத ஒருவருக்கு நோய்க்குறிகளும் இருந்து எக்ஸ்பேர்ட்டிலும் கிருமி காணப்பட்டால், வளர்ப்பு முடிவு வரும்வரை மருந்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

இதற்கு மறுதலையான நிலையும் உண்டு. நுணுக்குக்காட்டியில் சிவப்புக் கோல்கள் தெரியும், எக்ஸ்பேர்ட் இல்லை என்னும். காசநோய்க் கிருமியின் உறவுக்கார பற்றீரியாக்கள் சிலவும் அதே சாயத்தை ஏற்பதால் கண்ணுக்கு அவை ஒன்றுபோலத் தோன்றும். எக்ஸ்பேர்ட் போல டி.என்.ஏ.யைத் தேடும் மூலக்கூற்றுப் பரிசோதனையோ காசநோய்க் குடும்பத்தை மட்டுமே அடையாளங் காணும்.

*

கேள்வி: அல்ட்றா கூடுதல் நுண்மையானது என்று விரிவுரையில் படித்தோம். அப்படியானால் பழைய எக்ஸ்பேர்ட்டைவிட அது எல்லா வகையிலும் மேலானதுதானே? – மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞான மாணவன், கல்முனை

பதில்: தம்பி, இந்தக் கேள்விக்கு ஒரு சொல்லில் "ஆம்" என்று எழுதினால் பரீட்சையில் புள்ளி கிடைக்கலாம், ஆய்வுகூடத்தில் அந்தப் பதில் போதாது.

பழைய எக்ஸ்பேர்ட்டை உலக சுகாதார ஸ்தாபனம் 2010 டிசம்பரிலும் அல்ட்றாவை 2017இலும் ஏற்றுக்கொண்டது. பழையது, காசநோய்க்குக் கொடுக்கும் முக்கிய மருந்தான றிபாம்பிசினுடன் தொடர்புடைய ஆர்.பி.ஓ.பி. என்னும் பரம்பரையலகின் ஒரு பகுதியை மட்டுமே தேடும். அப்பரம்பரையலகு ஒரு கிருமியில் ஒரேயொரு பிரதியாகவே உண்டு. அல்ட்றா அதனோடு சேர்த்து, ஒரே கிருமிக்குள் பல பிரதிகளாகக் கிடக்கும் இரண்டு டி.என்.ஏ. துண்டுகளையும் தேடுகிறது. ஒரே வீட்டில் ஒருவரைத் தேடுவதைவிடப் பலரைத் தேடினால் எவராவது அகப்படுவர். அதன் நுண்மைக்கு அதுவே முதற் காரணம்.

இனிக் கணக்குக்கு வருவோம். பல ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் கொக்றேன் அமைப்பு வெளியிட்ட கணிப்பின்படி, வளர்ந்தோரின் நுரையீரற் காசநோயில் அல்ட்றாவின் உணர்திறன் (நோயுள்ளவரைப் பிடிக்கும் திறன்) 90.9 சதவீதம், தனித்துவம் (நோயில்லாதவரை இல்லை என்று சொல்லும் திறன்) 95.6 சதவீதம், பழைய எக்ஸ்பேர்ட்டுக்கு முறையே 84.7, 98.4. இருமலோடு வரும் 1,000 பேரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுள் 100 பேருக்கு உண்மையாகவே காசநோய் உண்டு என்று வைப்போம். அல்ட்றா அந்த நூற்றில் 91 பேரைப் பிடித்து 9 பேரைத் தவறவிடும். பழையது 85 பேரைப் பிடித்து 15 பேரைத் தவறவிடும். இதுவரை அல்ட்றாவே வெற்றி. ஆனால் நோயில்லாத மற்றைய 900 பேரில், பழையது ஏறத்தாழ 14 பேருக்கும் அல்ட்றா ஏறத்தாழ 40 பேருக்கும் நோய் உண்டு என்று சொல்லிவிடும். ஆறு நோயாளரைக் கூடுதலாகக் கண்டுபிடிப்பதற்கு இருபத்தாறு பேரைக் கூடுதலாகக் கலங்கவைக்கிறோம்.

அந்த விலை கொடுக்கத் தக்கதா என்பது உங்கள் முன் இருப்பவர் யார் என்பதைப் பொறுத்தது. குழந்தைகள், எச்.ஐ.வி. தொற்றுள்ளோர், மூளைக்காய்ச்சல் சந்தேகிக்கப்படுவோர் ஆகியோரின் மாதிரிகளில் கிருமி குறைவாகவும் தாமதத்தின் விளைவு கொடியதாகவும் இருப்பதால், நான் தயக்கமின்றி அல்ட்றாவின் பக்கம் நிற்பேன். நுணுக்குக்காட்டியில் அகப்படாமல் வளர்ப்பில் மட்டும் அகப்படும் நோயாளரிடையே அல்ட்றாவின் உணர்திறன் 77.5 சதவீதமாகவும் பழையதினுடையது 60.6 சதவீதமாகவும் இருப்பதைப் பார்த்தால், அதன் உண்மையான பயன் எங்கே என்பது விளங்கும். முன்பு சிகிச்சை பெற்றவர்களிடம்தான் நான் தயங்குவேன். அடுத்த கடிதம் அதைப் பற்றியதே.

*

கேள்வி: எங்கள் காக்கா (மூத்த சகோதரர்) இரண்டு வருடத்துக்கு முன் ஆறு மாத மருந்தை முறையாகக் குடித்து முடித்தவர். இப்போது மீண்டும் இருமல் வந்து சளி கொடுத்தபோது, அல்ட்றா அறிக்கையில் "ட்றேஸ்" என்று போட்டிருக்கிறது. வாப்பா உடனே மருந்து தொடங்கச் சொல்லுகிறார். கிளினிக்கில் பொறுக்கச் சொல்லுகிறார்கள். – வியாபாரி, ஓட்டமாவடி

பதில்: கிளினிக்கில் பொறுக்கச் சொன்னதற்கு நியாயம் உண்டு. மேலே சொன்ன பல பிரதித் துண்டுகள் மட்டும் சிறிதளவில் தென்பட்டு, ஆர்.பி.ஓ.பி. பகுதி தென்படாதபோது இயந்திரம் "ட்றேஸ்", அதாவது சுவடு, என்று எழுதும். மருந்தெதிர்ப்பை, அதாவது மருந்துக்குக் கிருமி அடங்காமையை, பார்க்க வேண்டிய பகுதியே கிடைக்காமையால், றிபாம்பிசின் பற்றிய வரியில் "தீர்மானிக்க முடியவில்லை" என்று வரும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

பி.சி.ஆர். டி.என்.ஏ.யைத்தான் எண்ணுகிறது, அந்த டி.என்.ஏ. உயிருள்ள கிருமியுடையதா செத்த கிருமியுடையதா என்பதை அதனாற் சொல்ல முடியாது. குணமான நுரையீரலில் செத்த கிருமிகளின் மிச்சம் நீண்ட காலம், சிலரில் ஆண்டுக்கணக்கில் கூட, இருந்துகொண்டிருக்கும். கடந்த ஐந்து ஆண்டுகளுக்குள் சிகிச்சை முடித்தவரின் சளியில் சுவடு தெரிந்தால் அது பழைய நோயின் மிச்சமாக இருக்க வாய்ப்பு உண்டு என்பதால், வைத்தியர் எக்ஸ்றேயைப் பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, நோய்க்குறிகளை எடைபோட்டு, சளியை வளர்ப்புக்கும் அனுப்பிவிட்டே முடிவெடுப்பார். உயிருள்ளது மட்டுமே ஊடகத்தில் வளரும்.

காக்காவுக்குப் பதிலாக எச்.ஐ.வி. தொற்றுள்ள ஒருவருக்கோ சிறு பிள்ளைக்கோ இதே "ட்றேஸ்" வந்திருந்தால், அல்லது மாதிரி சளியாக இல்லாமல் முள்ளந்தண்டு நீராக இருந்திருந்தால், அதை நோய் உண்டு என்றே கொள்வார்கள். இடைப்பட்டவர்களைப் பற்றிய அறிவுரை மாறிவந்திருக்கிறது. 2017இல் வேறொரு சளியில் மறுபடியும் அல்ட்றா செய்யும்படி கூறிய உலக சுகாதார ஸ்தாபனம், பின்னைய வழிகாட்டலில் அந்த மறுபரிசோதனையை வற்புறுத்தவில்லை. வைத்தியர்களிடையே கருத்து வேறுபடுவதைக் கண்டு அவர்களுக்குத் தெரியாது என்று எண்ணிவிடாதீர்கள். வாப்பாவுக்கு இதைப் பக்குவமாக விளங்கப்படுத்துங்கள். காய்ச்சலோ மெலிவோ இரத்தம் கலந்த சளியோ வந்தால் தவணைத் திகதிக்குக் காத்திராமல் காக்காவைக் கிளினிக்குக்குக் கூட்டிச்செல்லுங்கள்.

*

கேள்வி: நோயைப் பிடித்தது புதிய மெஷினில். இரண்டு மாத மருந்து முடிந்ததும் பார்ப்பது பழைய நுணுக்குக்காட்டியில். படுவான்கரை ஆட்களுக்கு இது போதும் என்று நினைக்கிறார்களா? – விவசாயி, கொக்கட்டிச்சோலை

பதில்: உங்கள் கோபத்துக்கு வேறு பல காரணங்கள் இருக்கலாம், ஐயா, இது அவற்றுள் ஒன்றன்று. வாவியின் மறுகரையான எழுவான்கரையிலும் கொழும்பிலும் இப்படித்தான் செய்கிறார்கள். மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கும்போது, செத்த கிருமியையும் எண்ணிக் காட்டும் எக்ஸ்பேர்ட், குணமாகிவருபவரையும் நோயாளி என்று சொல்லிக்கொண்டே இருக்கும். ஆகவேதான் இரண்டாம், ஐந்தாம், ஆறாம் மாத முடிவுகளில் நுணுக்குக்காட்டியில் பார்க்கிறார்கள். தேவைப்பட்டால் வளர்ப்புக்கு அனுப்புகிறார்கள்.

*

கேள்வி: உம்மாவின் அறிக்கையில் "றிபாம்பிசின் எதிர்ப்பு காணப்பட்டது" என்று இருக்கிறது. முதன்முதலாக வந்த நோய். இனி எந்த மருந்தும் கேட்காதா? – வாசகி, அக்கரைப்பற்று

பதில்: கேட்கும், சகோதரி. அதற்கு முன், அந்த வரி எவ்வளவு உறுதியானது என்று பார்ப்போம்.

றிபாம்பிசினுக்கு அடங்காத கிருமிகளில் ஏறத்தாழ 95 சதவீதமானவற்றில், ஆர்.பி.ஓ.பி. பரம்பரையலகின் 81 எழுத்துக்கள் கொண்ட சிறு பகுதிக்குள்ளேயே விகாரம் (எழுத்து மாற்றம்) இருக்கும். எக்ஸ்பேர்ட் அப்பகுதியை மாத்திரம் வாசித்து, வழமைக்கு மாறாக எதையேனும் கண்டால் "எதிர்ப்பு" என்கிறது. மருந்தைப் பாதிக்காத அற்ப மாற்றங்களும் சிலவேளை அதன் கண்ணில் படும். கிருமி மிகக் குறைவாக உள்ள சளியில் பழைய பெட்டகம் தடுமாறுவதும் உண்டு.

இலங்கையில் மருந்தெதிர்ப்புக் காசநோய் அரிது. அரிதான ஒன்றைத் தேடும்போது சிறு பிழையும் பெரிதாகிவிடும். ஒரு கணக்குக்காக, புதிய நோயாளர் 1,000 பேரில் 5 பேருக்கே உண்மையான எதிர்ப்பு உண்டென்றும், பரிசோதனையின் தனித்துவம் 98 சதவீதம் என்றும் கொள்வோம். அந்த ஐவரும் அகப்பட்டாலும், அவர்களோடு எதிர்ப்பில்லாத ஏறத்தாழ 20 பேரும் "எதிர்ப்பு" என்ற முத்திரையோடு வெளியே வருவார்கள். ஆகவே உம்மாவைப் போல, முன்பு மருந்து குடிக்காத, எதிர்ப்பு நோயாளி எவரோடும் பழகாத ஒருவருக்கு இந்த முடிவு வந்தால், புதிதாக எடுத்த சளியில் மறுபடியும் செய்து பார்ப்பதே முறை.

உறுதியானால், அடுத்த கட்டப் பரிசோதனைகள் வேறு. லைன் புரோப் எனப்படுவது, டி.என்.ஏ.யைப் பெருக்கி ஒரு காகிதப் பட்டியில் கோடுகளாகக் காட்டும் முறை. கர்ப்பப் பரிசோதனைப் பட்டியைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கோடுகள் அந்நியமாகத் தெரியா, எண்ணிக்கையில்தான் மிக அதிகம். 2008இல் ஏற்கப்பட்ட அம்முறை றிபாம்பிசினோடு ஐசோனியசிட் என்னும் மற்றொரு காசநோய் மருந்துக்கான எதிர்ப்பையும் பார்க்கும். ஆனால் கிருமி நிறைந்த சளியோ வளர்ப்பில் கிடைத்த கிருமியோ அதற்கு வேண்டும், பயிற்சி பெற்ற கையும் வேண்டும். ஜீன் எக்ஸ்பேர்ட்டின் இன்னொரு பெட்டகமாக 2021இல் ஏற்கப்பட்ட எக்ஸ்.டி.ஆர். பெட்டகம், ஐசோனியசிட், புளோரோகுவினோலோன் வகை, எதியோனமைட், அமிக்காசின் ஆகிய மருந்துகளுக்கு எதிர்ப்பு உண்டா என்று ஒன்றரை மணி நேரத்தில் பதில் தரும். இவற்றோடு, வெலிசறையிலுள்ள தேசிய காசநோய் ஆய்வுகூடத்தில் கிருமியை வளர்த்து மருந்துகளோடு நேரடியாக மோதவிட்டுப் பார்ப்பதும் நடக்கும்.

எக்ஸ்பேர்ட் அறிக்கையில் கிருமி உண்டா என்பதற்கு ஒரு வரியும் மருந்தெதிர்ப்பு உண்டா என்பதற்கு ஒரு வரியும் ஆக இரண்டு வரிகள் ஆங்கிலத்தில் இருக்கும். முன்பொருமுறை ஒருவர், இரண்டாம் வரியிலிருந்த "நொட் டிடெக்டெட்" (காணப்படவில்லை) என்பதை மட்டும் வாசித்துவிட்டு, தனக்கு நோயில்லை என்று மகிழ்ந்து, அறிக்கையைக் கிளினிக் கொப்பிக்குள் மடித்து வைத்துவிட்டு மூன்று வாரம் கடலுக்குப் போய் வந்தார். மேல் வரியில் கிருமி "டிடெக்டெட்" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அறிக்கையைக் கொடுத்தவர் எவரும் அதை அவருக்கு வாசித்துக் காட்டவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத விடயம்.

*

கேள்வி: சென்னையில் வைத்தியம் பார்க்கும் உறவினர் "ட்ரூநாட்" என்ற பரிசோதனை செய்தாராம். லாம்ப் என்றும் ஒன்று உண்டாம். நமக்கு அதற்காக அங்கே போக வேண்டுமா? – வாசகர், காத்தான்குடி

பதில்: வேண்டாம். ட்ரூநாட், இந்தியாவில் கோவாவைச் சேர்ந்த நிறுவனமொன்று உருவாக்கிய, மின்கலத்தில் இயங்கும் சிறு பி.சி.ஆர். கருவி, 2020இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஏற்பைப் பெற்றது. முதலில் ஒரு கருவியில் டி.என்.ஏ.யைப் பிரித்து, பின் அதை ஒரு சிறு சில்லில் விட்டு, ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் கிருமி உண்டா என்று பார்க்கிறார்கள். உண்டென்றால் மட்டும் இன்னொரு சில்லில் றிபாம்பிசின் எதிர்ப்பைப் பார்ப்பார்கள். துல்லியத்தில் அது எக்ஸ்பேர்ட்டுக்கு அருகில் நிற்கும் ஒன்றே தவிர, கடல் கடந்து தேடிப்போக வேண்டிய ஒன்றன்று. எக்ஸ்பேர்ட் இயந்திரம் 30 பாகை செல்சியசுக்கு மேல் ஒத்துழைக்காது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் குளிரூட்டி நின்றுபோன அறையில் அதோடு பட்ட பாடு எனக்குத் தெரியும் என்பதால், மின்சாரம் நிலையில்லாத இடங்களில் ட்ரூநாட்டின் அருமையை ஒப்புக்கொள்கிறேன்.

லாம்ப் 2016இல் ஏற்கப்பட்டது. ஒரே வெப்பநிலையில் டி.என்.ஏ.யைப் பெருக்கி, புறஊதா ஒளியின் கீழ் குழாய் ஒளிர்கிறதா என்று வெறுங்கண்ணால் பார்க்கும் முறை. நுணுக்குக்காட்டிக்கு மாற்றாக நல்லது. மருந்தெதிர்ப்பைப் பற்றி எதுவும் சொல்லாது.

*

கேள்வி: இரத்தத்தில் பார்த்தால் போதாதா? தனியார் ஆய்வுகூடம் ஒன்றில் காசநோய்க்கு இரத்தப் பரிசோதனை உண்டு என்றார்கள். – சம்மாந்துறை

பதில்: பிறபொருளெதிரிகளைப் பார்க்கும் வணிக இரத்தப் பரிசோதனைகளைக் காசநோய்க்குப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2011இலேயே சொல்லிவிட்டது. இக்ரா எனப்படும் இன்னொரு இரத்தப் பரிசோதனை, கிருமி எப்போதோ உடலுக்குள் புகுந்திருக்கிறதா என்பதை மட்டும் சொல்லும். இப்போது நோயாக இருக்கிறதா என்பதைச் சொல்லாது. இருமலுக்கு விடை சளியில்தான் இருக்கிறது, அதுவும் மார்பு கிளினிக்கில் இலவசமாக.

*

கேள்வி: நான்கு வயது மகளுக்கு நிறை கூடவில்லை, இருமலும் நிற்கவில்லை. வீட்டில் மாமிக்குக் காசநோய். பிள்ளைக்குச் சளி துப்பத் தெரியாது. மலத்தைக் கொண்டுவரச் சொல்லுகிறார்கள். நெஞ்சு நோய்க்கு மலமா? – தாய், திருக்கோவில்

பதில்: பிள்ளைகள் சளியைத் துப்பாமல் விழுங்கிவிடுவார்கள், அம்மா, விழுங்கிய கிருமியின் டி.என்.ஏ. மலத்தில் வெளியேறும். மலத்தை எக்ஸ்பேர்ட்டில் பரிசோதிப்பதை 2020 முதல் உலக சுகாதார ஸ்தாபனம் ஏற்கிறது. முன்பெல்லாம் வெறும் வயிற்றில் மூக்கு வழியாகக் குழாய் இட்டு இரைப்பை நீரை எடுப்பதே வழக்கமாக இருந்தது. தேவையானால் இப்போதும் எடுப்பார்கள். ஆனால் அந்தக் குழாய்க்குப் பிள்ளை அழுவதை ஒருமுறை பார்த்தவர்கள் மலப் பரிசோதனையை ஏளனம் செய்ய மாட்டார்கள். ஒரு கிராமளவு மலம் போதும்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். பிள்ளைகளின் காசநோயில் கிருமி மிகக் குறைவு. எந்த மூலக்கூற்றுப் பரிசோதனையும் காணவில்லை என்று சொல்வதால் நோய் இல்லை என்றாகாது. வீட்டில் நோயாளி இருப்பது, நிறை ஏறாதது, எக்ஸ்றே, தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் மான்ரூ என எல்லாவற்றையும் சேர்த்தே வைத்தியர் முடிவு செய்வார். பரிசோதனையில் ஒன்றும் காணாமலே மருந்து தொடங்கச் சொன்னால் அதனை மறுக்காதீர்கள்.

*

கேள்வி: நான் கொடுத்த சளியைத் திருப்பிவிட்டு மறுபடியும் கேட்டார்கள். இரண்டாவது முறை கொடுத்ததற்கு "எரர்" என்று வந்ததாம். போய்வரும் பஸ் செலவை யார் தருவது? – வாகரை

பதில்: இரண்டாவதைப் பற்றி முதலில். "எரர்", "இன்வலிட்", "நோ றிசல்ட்" ஆகிய மூன்றும் நோயில்லை என்ற முடிவுகளல்ல. மின்சாரம் நின்றாலோ சளி இறுகிப் பெட்டகத்தின் வழி அடைபட்டாலோ வேறு தடங்கல் நேர்ந்தாலோ இயந்திரம் அப்படிக் கைவிரிக்கும். எஞ்சிய மாதிரியிலோ புதிய சளியிலோ திரும்பச் செய்ய வேண்டும். இதை ஒரு தொலைபேசி அழைப்பில் சொல்லியிருக்கலாம் என்ற உங்கள் மனக்குறை நியாயமானது.

முதலாவது, பெரும்பாலும் எச்சிலாக இருந்திருக்கும். பதினாறு கிருமியைக் கண்டுபிடிக்கும் அல்ட்றாவாலும் எச்சிலில் இல்லாததைக் காட்ட முடியாது. காலையில் எழுந்ததும் வெறும் நீரால் வாயைக் கொப்பளித்துவிட்டு, வீட்டுக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில் நின்று, இரண்டு மூன்று முறை ஆழமாக மூச்சை இழுத்து அடக்கி, அடிநெஞ்சிலிருந்து இருமித் துப்புங்கள். தடித்து மஞ்சளாகவோ வெண்மையாகவோ, ஒரு தேக்கரண்டி அளவில் இருந்தால் நல்லது. குப்பியை வெயில் படாமல் பையில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு, முதல் பஸ்ஸில் புறப்படுங்கள். பெயர்ச்சீட்டை மூடியில் ஒட்டவிடாமல் குப்பியின் உடலில் ஒட்டச் சொல்லுங்கள். மேசையில் நாலைந்து குப்பிகள் ஒரே நேரத்தில் திறந்திருக்கும்போது மூடிகள் மாறிவிடும்.